கொக்கி இல்லாத ஷட்டில்

செவ்வாய், 18ஆம் தேதி. பகல் பன்னிரண்டரை.

தவறு ஒன்று. எண்பதாம் எண் நூலுக்குக் கொக்கி வைத்த ஷட்டிலை எடுத்தேன். ‘மெல்லிய நூலுக்குக் கொக்கி ஆகாது’ என்று லேஸ் வகுப்பு நோட்டில், ஒன்பதாம் பக்கத்தில், என் கையெழுத்திலேயே இருக்கிறது. அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். அடிக்கோடு போட்டுவிட்டால் மனதில் ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறேன் போலிருக்கிறது. நாற்பத்திரண்டு வளையங்களும் வீண்.

சின்னவள் பேனாவை மூடி வைத்தாள். பின்னறையில் அப்பா இருமுவது கேட்டது. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியது முதல் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை.

நாளை காலை ஏழு மணிக்கு வண்டி வரும். ஒன்பது மணிக்கு அறுவை. தொண்டையில் வந்திருக்கும் புற்றை எடுப்பதற்காகக் குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். அதன் பிறகு அப்பாவுக்கு மூச்சு, கழுத்தின் முன்பக்கம் போடும் துளை வழியாகத்தான். பேச்சு கிடையாது.

முப்பது வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்த மனிதர். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று ஊருக்கே சொன்ன குரல்.

துளையை மூட ஆஸ்பத்திரியில் ஒரு பஞ்சுத்துணிப் பட்டை கொடுப்பார்கள். மாதிரியைக் காட்டியபோது அப்பா அதை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, காபி வடிகட்டியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வெளியே போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் சின்னவள் தீர்மானித்தாள், அந்தப் பட்டையின் மேல் போட்டுக்கொள்ள நூலில் ஒரு கழுத்துத் திரை பின்னுவது என்று. ஆண்பிள்ளை சட்டைக் காலருக்குள் அடங்குகிற மாதிரி, பூ கீ எதுவும் இல்லாமல், வெறும் வளையங்களாக.

அவள் ஏழு மாதமாக மாலை வகுப்பில் டாட்டிங் லேஸ் கற்கிறாள். ஊசி கிடையாது, விரல்நீளப் படகு போன்ற ஷட்டிலில் நூலைச் சுற்றி, கையில் முடிச்சு முடிச்சாகப் போட்டு வளையம் ஆக்குகிற வேலை. முதல் நாள் ஷட்டில் வாங்க வேண்டும் என்று சொன்னபோது அப்பா, “ஆட பேட் வேணாமா?” என்று கேட்டார். அப்போது அவருக்குத் தொண்டை சரியாக இருந்தது.

மூன்று வாரம் பின்னியதை இன்று காலை நர்ஸம்மாவிடம் காட்டினாள். அந்த அம்மாள் அதை எக்ஸ்ரே பார்க்கும் வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு சின்னவளையும் குனிந்து பார்க்கச் சொன்னாள். ஒவ்வொரு வளையத்திலும் மயிரிழையில் பாதியாகப் பிசிறு நின்றது.

“இது மூச்சோட உள்ள போகும்மா. நாள் பூரா இருமிக்கிட்டே இருப்பாரு. அழகா இருக்கு. ஆனா ஆகாது.”

ஷட்டிலின் முனையில் இருந்த கொக்கி போகும்போதும் வரும்போதும் நூலைக் கீறியிருக்கிறது. டாட்டிங்கில் இறுக்கி மூடிய வளையத்தை அவிழ்க்க முடியாது. வெட்டி எறியத்தான் வேண்டும்.

சின்னவளுக்கு அழுகை வரவில்லை, அவமானமாக இருந்தது. மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் அவளுடைய வேலையே வில்லைகளை விளக்கடியில் பிடித்து, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு நாளைக்கு நானூறு வில்லை பார்க்கிறவள், சொந்த அப்பாவின் கழுத்துக்குப் போகிற நூலைப் பார்க்கவில்லை.

அப்பா வரும் வழியில் நிலையத்துத் தெருவைத் தவிர்த்துச் சுற்றி வந்தார். இரண்டு வருடமாக அவளோடு எங்கே போனாலும் அந்தச் சுற்றுவழிதான்.

அதற்குக் காரணம் அக்கா.

அக்கா விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிறவள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நிறுவனம் அவளைக் கூப்பிட்டு எண்களையும் ஊர்ப்பெயர்களையும் ஒரு வாரம் சொல்லவைத்துப் பதிவு செய்துகொண்டது. எதற்கு என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. பாதியில் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. அடுத்த மாதம் நிலையத்தில் அறிவிப்பாளர் அறையைப் பூட்டினார்கள். கடைசி நாள் வேலை முடிந்து அப்பா மேடையில் இறங்கி நடந்தபோது, தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் பேசியது அவருடைய மூத்த மகள்.

வீட்டுக்கு வந்து ஒரே வாக்கியம் சொன்னார். “இனிமே எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னா ஸ்பீக்கர்லயே சொல்லு.”

அன்றிலிருந்து பேச்சில்லை. அம்மா போனபிறகு மூன்று பேராக இருந்த வீடு இரண்டு பேரானது. அக்கா ஊரின் மறுகோடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போன வாரம் அவள் பட்டறை வாசலில் வந்து நின்றதும், தான் வேலை செய்கிற ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு வழி இருக்கிறது என்று சொன்னதும் சின்னவளுக்கு இன்னும் கனவு மாதிரி இருக்கிறது. அப்பா நூற்றிருபது வாக்கியங்களை நன்றாகப் பதிவு செய்து கொடுத்தால், அதை வைத்துக் கருவியில் அவர் குரலையே உண்டாக்க முடியுமாம். அவர் எதைத் தட்டச்சு செய்தாலும் அவர் குரலில் பேசுமாம். இதை அப்பாவிடம் சொல்ல சின்னவளுக்கு ஐந்து நாள் பிடித்தது. நேற்று சொன்னாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இன்று நான்கு மணிக்கு அக்கா வருகிறாள். இதை விட்டால் இன்னொரு நாள் இல்லை. அப்பாவின் தொண்டை நாளுக்கு முக்கால் மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் வெறும் காற்று.

சின்னவள் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, ஐந்து ஷட்டில்களையும் மேசையில் வரிசையாக வைத்தாள். நான்கு மணிக்குள் முதல் வளையமாவது போட்டுவிட வேண்டும்.

பெரிய பிளாஸ்டிக் ஷட்டில், மேசை விரிப்பு ஓரத்துக்கு வாங்கியது. பத்தாம் எண் தடித்த நூல்தான் அதற்குச் சரி. மெல்லிய நூலைச் சுற்றினால் உள்ளே தளர்ந்து ஆடும். இரட்டை ஷட்டில் மணி கோத்த வேலைக்கு. மணி ஒன்று கழன்று துளைக்குள் போனால் என்ன ஆகும் என்று நினைத்ததுமே அதைத் தள்ளி வைத்தாள். கொக்கி வைத்த எஃகு ஷட்டிலைத் தொடவே இல்லை.

மீதி இரண்டு. மரத்தில் ஒன்று, மாட்டுக் கொம்பில் ஒன்று. இரண்டுக்கும் கொக்கி கிடையாது.

மர ஷட்டில் கைக்குட்டை ஓரங்களுக்கு அவளுக்குப் பிடித்தது. இலேசானது. ஆனால் மழைக்காலத்தில் மரம் உப்பி, நூலை மேலும் கீழும் மூடும் இரண்டு இதழ்களும் முனையில் விரிந்துவிட்டன. கீழே தொங்கவிட்டால் நூல் தானாக வழுக்கிக்கொண்டு இறங்கும். விளிம்பில் விரலை ஓட்டினாள். ஓரிடத்தில் சொரசொரத்தது. இன்னொரு பிசிறுக்கு அவள் தயாரில்லை.

கொம்பு ஷட்டிலின் இதழ்கள் முனையில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன. வழவழப்பு. நூலை இழுத்தால்தான் வரும், ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு. நோட்டின் ஒன்பதாம் பக்கத்து அட்டவணையைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தாள். நூலின் எண், சரி. எந்த வேலை, சரி. கொக்கி, இல்லை. எடை, சரி. விளிம்பு, சரி. அட்டவணையில் அவ்வளவுதான் கட்டங்கள்.

கொம்பையே எடுத்தாள். நூலை விளிம்புக்கு வெளியே தெரியாத அளவு சுற்றினாள். முதல் வளையத்தை மூடி, விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். பிசிறு இல்லை. சாளரத்தருகே கொண்டுபோய் மறுபடி பார்த்தாள். இல்லை.

அக்கா நான்கு மணிக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டாள். இளைத்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது விருந்தாளி மாதிரி ஓரமாகக் கழற்றினாள்.

பின்னறைக்குள் அவள் போனபோது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. அக்கா ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்து வேலையை ஆரம்பித்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். குளிர்பெட்டியை அணைத்தாள். மாடிவீட்டுக்காரரிடம் போய், ஒரு மணி நேரம் தண்ணீர் மோட்டார் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். ஜன்னலைச் சாத்தி, கீழிடுக்கில் துண்டைச் செருகினாள். குண்டூசி விழுந்தாலும் இந்தக் கருவி பிடித்துக்கொள்ளும் என்று தங்கையிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

அப்பா அப்போதுதான் பேசினார். ஜன்னலைப் பார்த்தபடியே, சின்னவளிடம்.

“அவ வெளிய இருக்கட்டும்.”

அக்கா காதில் மாட்டக் கையில் எடுத்த ஹெட்போனைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். பதிவுப் பொத்தானை அழுத்தினாள். வாக்கியங்கள் அச்சடித்த தாள்களை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

அப்பா திரும்பித் தாளைக் கையில் எடுத்தார். முதல் வாக்கியத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சின்னவள் எதிரில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்படிப் பொணத்தைப் பாக்கற மாதிரி பாத்துட்டிருந்தா எனக்கு எங்கேர்ந்து வரும்? உக்காரு. கையில உன் வேலைய எடு. நீ உன் வேலையப் பாரு, நான் என் வேலையப் பாக்கறேன்.”

அவள் உட்கார்ந்தாள். மடியிலிருந்து கொம்பு ஷட்டிலை எடுத்தாள். கைகள் தாமாக ஓட ஆரம்பித்ததும் அப்பாவின் குரலும் வந்தது.

கரகரத்த குரல்தான். ஆனாலும் அவருடையது. “எனக்குத் தண்ணீர் வேண்டும். வாசலில் யார்? மழை வரும் போலிருக்கிறது.” ஒவ்வொன்றையும் மேடை அறிவிப்பு மாதிரி நிறுத்தி, கடைசிச் சொல்லைத் தூக்கிச் சொன்னார். இருமல் வந்தால் தாளைக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தார். மறுபடி முதலிலிருந்து அந்த வாக்கியத்தைத் தொடங்கினார். வேலை செய்கிறபோது அப்பா இப்படித்தான் இருந்திருப்பார் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். அவள் அந்த அறைக்குள் ஒரு நாளும் போனதில்லை.

வளையம் வளையமாகத் திரை வளர்ந்தது. வகுப்பில் பதினைந்து பேர் சேர்ந்து பின்னுகிறபோது கூரையில் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். பழகியபின் அந்தச் சத்தம் காதில் விழாது. அவளுக்கு விழவில்லை.

எண்பத்தேழாவது வாக்கியம், ‘ஜன்னலைத் திற’ என்பது. அதைப் படித்துவிட்டு அப்பா தாளை மடியில் வைத்தார். கருவிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“பெரியவளே. இது உனக்கு. நாலாம் மேடை வண்டிக்கு நீ சொல்றதுல, கடைசிச் சொல்லு கீழ விழுந்துடுது. படியில ஓடி வர்றவனுக்கு வண்டி பேரு தெரியும். அது நிக்குதா பொறப்படுதாங்கறதுதான் தெரியாது. அந்தச் சொல்லைத்தான் அவன் கேக்கறான். அதை எறக்காத. ரெண்டு வருஷமா தினம் சாயங்காலம் போய்க் கேக்கறேன். நீயே திருத்திக்குவேன்னு பாத்தேன்.”

சின்னவளின் கை வேகமாக ஓடியது. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. தினம் சாயங்காலம் பூங்காவுக்கு நடக்கப் போகிறார் என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

நூற்றிருபதாவது வாக்கியத்தில் குரல் பாதிதான் வந்தது. முடிந்ததும் அப்பா கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குப் போர்த்திவிட்டு, கருவியை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். நிம்மதியாக இருந்தது. பல மாதங்களில் முதல்முறையாக எல்லாம் முறையாக நடந்துவிட்டது என்று நினைத்தாள்.

அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கேட்டாள். புருவம் நெரிந்தது. நிறுத்தி, முதலிலிருந்து கேட்டாள். இன்னோரிடத்தில் கேட்டாள். பிறகு மெதுவாக அதைக் கழற்றித் தங்கையின் காதில் வைத்தாள்.

‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்பதற்குள் நான்கு முறை. ‘வாசலில் யார்’ என்பதற்குள் மூன்று முறை. டிக். டிக். அப்பாவின் குரலை விட அதுதான் கிட்டத்தில் கேட்டது.

“என்னடி இது? கடிகாரத்தைக்கூடக் கழட்டிட்டேனே.”

சின்னவள் மடித்த கையை விரித்தாள். கொம்பு ஷட்டில் உள்ளங்கையில் இருந்தது. அக்கா அதை வாங்கி நூலை இழுத்துப் பார்த்தாள். ஒரு முறைதான் இழுத்தாள்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலியைச் சுத்தம் செய்கிறவரிடம் ஒரு பகுதியை அனுப்பிக் கேட்டார்கள். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. சத்தம் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் விழுந்திருந்தால் எடுத்துவிடலாம். இது சொல்லோடு சொல்லாகக் கலந்திருக்கிறது. எடுத்தால் பேச்சும் துண்டு துண்டாகிவிடும். இதை வைத்துக் குரல் செய்ய முடியாது.

சின்னவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மரத்தை எடுத்திருக்கலாம். உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு, சொரசொரப்பு போயிருக்கும். தளர்ந்த இதழ், சத்தமே வந்திருக்காது. அதையும் கையில் எடுத்துப் பார்த்தாளே. அப்பாவைப் பேசவைப்பதற்காகத்தான் பின்னினேன் என்று அக்காவிடம் சொன்னாள். சொன்னதும் அது சாக்குப்போக்கு மாதிரி அவள் காதுக்கே பட்டது.

அக்கா திட்டவில்லை. எண்பத்தேழாவது வாக்கியத்துக்கு வந்திருந்தாள். அங்கேதான் டிக் சத்தம் மிக நெருக்கமாக விழுந்திருந்தது. மூன்று முறை போட்டுக் கேட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“நான் கடைசிச் சொல்லை எறக்கறேனா?”

“எனக்குத் தெரியாதுக்கா. நான் கவனிச்சதில்ல.”

“எறக்கறேன்,” என்றாள் அக்கா. “மூச்சு பத்தாம எறக்கறேன்.”

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்பது அக்காவின் கட்சி. நல்லபடியாக முடிந்தது என்ற நினைப்போடு மனிதர் நாளைக்கு உள்ளே போகட்டும். வெளியே வந்தபிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம். சின்னவள் மறுத்துத் தலையை ஆட்டினாள். வெளியே வந்தபிறகு சொன்னால் அவர் என்ன பதில் சொல்வார், எதைக்கொண்டு சொல்வார்?

ஆறு மணிக்குச் சின்னவள் மட்டும் உள்ளே போனாள். அப்பா விழித்துத்தான் இருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கொக்கி, பிசிறு, கொம்பு, சத்தம், வரிசை மாறாமல். நடுவில் நிறுத்தினால் முடிக்க முடியாது என்று தெரியும்.

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பத்து.

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. இன்றைக்கு இவ்வளவு பேசிய தொண்டை நாளைக் காலை தாங்குவது பத்து வாக்கியம்தான் என்கிறார்.

கதவோரம் நின்ற அக்கா, பத்தை வைத்துக் குரல் செய்ய முடியாது என்று மெதுவாகச் சொன்னாள். பத்துப் பொத்தான் வைத்துக் கொடுக்கலாம். ஒன்றை அழுத்தினால் அந்த ஒரு வாக்கியம் வரும். வேறெதையும் சொல்லாது.

அப்பா பென்சிலுக்குக் கை நீட்டினார். நூற்றிருபதிலும் விரலை ஓட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் குறி போட்டார். தண்ணீர் வேண்டும். வலிக்கிறது. விளக்கை அணை. யார்? போதும். சின்னவளே. ஜன்னலைத் திற. உட்கார். போய் வருகிறேன். ஒன்பது ஆயிற்று. மற்ற நூற்றுப் பதினொன்றின் மேலும் ஒரு கோடு இழுத்தார்.

பத்தாவதைத் தாளின் பின்பக்கம் தாமே எழுதினார். யாருக்கும் காட்டவில்லை. கிழித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மேசைக்கு எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார். மதியம் சின்னவள் உட்கார்ந்திருந்த நாற்காலி. விரல் அதிலிருந்து நகர்ந்து, கதவோரம் நின்றவளின் மேல் போய் நின்றது.

அக்கா உள்ளே ஓர் அடி வைத்தாள். சின்னவள் வழிவிட்டு வெளியே வந்தாள்.

கூடத்து மேசையில் உட்கார்ந்து, மதியம் எழுதிய குறிப்புக்குக் கீழே இடம் விட்டு எழுதினாள்.

புதன், 19ஆம் தேதி. காலை ஐந்தேகாலுக்கு அப்பாவை எழுப்புவது. குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது. வாய் கொப்பளிக்க மட்டும் வெந்நீர். மின்விசிறி, கடிகாரம், குளிர்பெட்டி, மோட்டார். நாற்காலியில் அக்கா. நான் கதவுக்கு வெளியே, வெறுங்கையோடு. ஐந்தே முக்காலிலிருந்து ஆறே காலுக்குள் பத்து வாக்கியம். ஏழு மணிக்கு வண்டி.